சிகரெட் பெட்டிக்குள் வந்த படங்கள்: 1880களின் புகையிலை அட்டைகளைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி

சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. கீழே கிடந்த ஒரு பெட்டியை எடுத்து, மேலட்டையைக் கிழியாமல் பிரித்து, ‘இது நம்மிடம் இல்லையே’ என்று மகிழ்ந்த அதே ஆசைதான். இங்கே காலம் 1880கள், இடம் அமெரிக்கா, பெட்டி சிகரெட் பெட்டி.

என் மேஜைமேல் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலம், இரண்டே முக்கால் அங்குல உயரம். வெள்ளைப் பின்னணியில் நெட் ஹான்லன் என்ற துடுப்புப் படகு வீரரின் உருவம். டொரொன்டோக்காரர், 1880 முதல் 1884 வரை உலக சாம்பியனாக இருந்தவர். படத்துக்குக் கீழே பெயர், அதற்கும் கீழே வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டின் ஆலன் அண்ட் ஜின்டர் சிகரெட் விளம்பரம். திருப்பினால் மொத்தம் 50 சாம்பியன்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் வில்லியம் பீச் என்ற பெயரும் இருக்கிறது. 1884ல் ஹான்லனைத் தோற்கடித்து அந்தப் பட்டத்தைப் பறித்தவர் அவர்தான். தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே தொடரில், ஒரே அளவில், ஒரே விலைச் சிகரெட்டுக்குள். கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது பிடித்துப்போகிறது.

நான் புகைப்பதில்லை. இந்தக் கட்டுரை புகையிலையைப் பற்றியதும் இல்லை. புகையிலையை விற்பதற்காகக் கல்லில் வரைந்து, தாளில் அச்சடித்து, பார்த்துவிட்டுத் தூக்கியெறியட்டும் என்று கொடுத்த உதிரி அச்சுப் படங்களைப் பற்றியது. 135 வருஷத்துக்கு மேலாகியும் அவற்றின் நிறம் மங்காமல் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருகிறவர் பணத்தை எடுப்பதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொண்டால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்த்துவிடலாம். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் கதை

இந்த அட்டைகள் ஏன் வந்தன என்று தெரிந்தால், எது உண்மை எது பொய் என்று பிரிப்பதும் சுலபமாகும். அந்தக் காலச் சிகரெட் பெட்டி மெல்லிய தாளால் ஆனது. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். உள்ளே ஒரு கெட்டி அட்டையை வைத்தால் சிகரெட் வளையாது. வெற்று அட்டையை வைப்பதற்குப் பதில் படம் அச்சடித்து வைத்தால், வாங்கியவர் அடுத்த படத்துக்காக மறுபடி வருவார். 

இதற்குப் பின்னால் ஓர் இயந்திரமும் இருக்கிறது. ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் 1881ல் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்படியோர் இயந்திரத்துக்கு 75,000 டாலர் பரிசு அறிவித்திருந்த ஆலன் அண்ட் ஜின்டர், கடைசியில் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வட கரோலினா மாநிலம் டர்ஹமில் இருந்த டபிள்யூ. டியூக் சன்ஸ் நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. ஒழுங்காக ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சிகரெட். கையால் சுற்றுகிறவர்கள் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒரு நாளைக்கு மூவாயிரம்தான். இவ்வளவு சிகரெட்டை யாரிடம் விற்பது? 10 சிகரெட் 5 சென்ட் என்று விலையை இறக்கினார்கள். அப்புறம் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினார்கள். டியூக் 1889ல் மட்டும் விளம்பரத்துக்கு 8 லட்சம் டாலர் செலவழித்ததாகச் சொல்வார்கள். நம் கைக்கு வரும் அட்டைகள் அந்தப் போட்டியில் பிறந்தவை.

1890ல் டியூக், ஆலன் அண்ட் ஜின்டர், கின்னி பிரதர்ஸ், குட்வின், கிம்பல் ஆகிய ஐந்து பெரிய நிறுவனங்களும் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆகிவிட்டன. போட்டி போனது. போட்டியாளரே இல்லாதபோது படம் கொடுத்து ஆளைப் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன? அமெரிக்காவில் அட்டைகள் குறைந்துபோயின. அதனால் அமெரிக்க அட்டைகளின் பொற்காலம் ஏறக்குறைய 1885க்கும் 1890க்கும் நடுவே அடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் கதை பிந்தித் தொடங்கியது. பிரிஸ்டலின் வில்ஸ் நிறுவனம் (நம் ஊர்ப் பெட்டிக் கடைகளில் கேட்டுப் பழகிய அதே பெயர்தான்) 1880களின் கடைசியிலும், ஜான் பிளேயர் 1893லும் அட்டை போட ஆரம்பித்தார்கள். ஆங்கிலேய அட்டைகள் தனி உலகம். இங்கே அமெரிக்க அட்டைகளோடு நிற்கிறேன்.

ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு கண்ணில் படுவதையெல்லாம் வாங்குவது. இந்தத் துறையில் சுருட்டுப் பெட்டி லேபிள் இருக்கிறது, சுருட்டைச் சுற்றி வரும் பட்டை இருக்கிறது, மெல்லும் புகையிலைக் கட்டியில் குத்திய தகரச் சின்னம் இருக்கிறது, கடைக்காரர்கள் கொடுத்த விளம்பர அட்டை இருக்கிறது. எல்லாமே அழகுதான். எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் கண் தேறாது.

சிகரெட் அட்டையில் தொடங்குங்கள் என்பேன். அதிலும் ஆலன் அண்ட் ஜின்டரின் 50 அட்டைத் தொடர்களில் ஒன்று. அமெரிக்கப் பறவைகள், வெப்பமண்டலப் பறவைகள், அமெரிக்க நீர்நிலைகளின் மீன்கள், எல்லா நாட்டுக் கொடிகள், நாற்கால் விலங்குகள், ஸ்பானியக் கடலின் கொள்ளையர்கள் என்று அவர்களுடைய தொடர்கள் முப்பதுக்கு மேல். பழங்களுக்கு ஒரு தொடர், கோழிகளுக்கு ஒரு தொடர். 

விளையாட்டு அட்டை, குறிப்பாக பேஸ்பால், ஆரம்பத்தில் வேண்டாம். 1887ல் வந்த ‘உலக சாம்பியன்கள்’ தொடரில் பேஸ்பால்காரர்கள் பத்தே பேர். ஆனால் அந்தப் பத்து அட்டைகளைச் சுற்றித்தான் பணமும் போலியும் மொய்க்கின்றன. அதே தொடரில் உள்ள படகு வீரர், மல்யுத்த வீரர், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஆகியோரின் அட்டைகள் அதே அச்சகத்தில், அதே தாளில், அதே கவனத்தோடு வந்தவைதான். விலை மட்டும் எவ்வளவோ குறைவு. கொடி அட்டைகள் இன்னும் மலிவு. முனை மழுங்கி, பின்னால் பசைக் கறையோடு இருப்பவை சில டாலருக்கே கிடைக்கின்றன. முதல் ஐந்து அட்டைகளை அப்படி அடிபட்டவையாகவே வாங்குங்கள். கெட்டுவிடுமோ என்ற பயமில்லாமல் கையில் எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தாள் பழகும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த விலையுயர்ந்த அட்டையில் அது முடியாது.

தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அட்டைகள் அந்தக் காலத்தின் கெட்ட கண்ணையும் சுமந்து வருகின்றன. கறுப்பின மக்களையும் சீனர்களையும் கேலிச் சித்திரமாக்கிய அட்டைகள் ஏராளம். நடிகைகளின் படங்களை அரைகுறை ஆடையில் போட்டு விற்றார்கள். அதைப் பொறுக்க முடியாமல் டியூக் நிறுவனத்தின் மூத்தவரான வாஷிங்டன் டியூக்கே 1894ல் தன் மகனுக்குக் கண்டித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆலன் அண்ட் ஜின்டரின் பூர்வகுடித் தலைவர்கள் தொடரில் சிட்டிங் புல்லும் ஜெரோனிமோவும் கம்பீரமாகத்தான் வரையப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டை வெளிவந்தபோது ஜெரோனிமோ அமெரிக்க ராணுவத்தின் கைதி. இவற்றைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். சேர்த்தால் அது என்னவென்று தெரிந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசமாகப் பாருங்கள்

இந்த உலகத்தின் அகர வரிசையை உண்டாக்கியவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலம் சிராக்யூசில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த எளிய மனிதர். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிக்கொண்டே வந்தன. அந்த விரல்களோடு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உதிரி அச்சுப் பொருட்களைச் சேர்த்து, வகை பிரித்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் அங்கேயே வந்து உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஆல்பங்களில் ஒட்டினார். கடைசி அட்டையை ஒட்டி முடித்தது 1963 ஜனவரியில். மார்ச்சில் இறந்துபோனார்.

அவர் 1939ல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வளர்ந்த எண் முறைதான் இன்றும் எல்லோரும் பேசுவது. ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது 19ம் நூற்றாண்டு அமெரிக்கப் புகையிலை அட்டை. ‘டி’ (T) என்றால் 20ம் நூற்றாண்டு. ‘ஏ’ (A) என்றால் ஆல்பம். என்2 பூர்வகுடித் தலைவர்கள், என்4 அமெரிக்கப் பறவைகள், என்8 மீன்கள், என்9 கொடிகள், என்28 உலக சாம்பியன்கள். என்172 என்றால் குட்வின் நிறுவனத்தின் ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட்டோடு வந்த பேஸ்பால் புகைப்பட அட்டைகள். என்224 கின்னியின் ராணுவத் தொடர், அதில் 600க்கும் மேல் அட்டைகள் இருப்பதால் முழுத் தொடரையும் சேர்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். வியாபாரி எண்ணைச் சொல்லாமல் ‘பழைய சிகரெட் படம்’ என்று மட்டும் போட்டிருந்தால், ஒன்று அவருக்குத் தெரியாது, இல்லை என்றால் சொல்ல விருப்பமில்லை.

சரி, தொடரும் எண்ணும் தெரிந்துவிட்டது. இனி வாங்குவதற்கு முன் ஒரு மாதமாவது பார்க்க மட்டும் செய்யுங்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பர்டிக்கின் அட்டைகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. பலவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பணம் கிடையாது. நியூயார்க் பொது நூலகத்தில் ஜார்ஜ் ஆரென்ட்ஸ் சேகரித்த சிகரெட் அட்டைகள் இருக்கின்றன. பேஸ்பால் பக்கம் ஆசை இருந்தால் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தில் பெஞ்சமின் எட்வர்ட்ஸ் சேகரிப்பு, 1887 முதல் 1914 வரையிலான 2,100 அட்டைகள். டியூக் நிறுவனத்தின் விளம்பரத் தாள்களை டியூக் பல்கலைக்கழக நூலகம் வைத்திருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த தொடரின் 50 அட்டைகளையும் அங்கே பார்த்து, பெயர் எந்த இடத்தில் வருகிறது, எழுத்து எப்படி வளைகிறது, ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறார்கள் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 

லூப்பைக் கையில் எடுங்கள்

எல்லாப் படிகளிலும் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் படி இதுதான். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துக் கல்லைப் பார்ப்பாரே, அந்தப் பத்து மடங்கு லூப் ஒன்று வாங்குங்கள். பெரிய செலவு இல்லை. வாங்கியதும் முதலில் பழைய அட்டையைப் பார்க்காதீர்கள். வீட்டில் கிடக்கும் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் உறை, இவற்றைப் பாருங்கள். வானம் ஒரே நீலமாகத் தெரிந்த இடத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் வலை பின்னினதுபோல ஒரே ஒழுங்கில் நிற்கும். சின்னச் சின்னப் பூ மாதிரி. இதுதான் இன்றைய ஆஃப்செட் அச்சு. கணினி பிரிண்டரில் எடுத்த படமானால் வலை இருக்காது, மை தெளித்தது மாதிரி இருக்கும்.

இப்போது 1880களின் அட்டையைப் பாருங்கள். அது கல்லச்சு. பவேரியாவின் சுண்ணாம்புக் கல்லைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை மையால் அதன்மேல் வரைந்து, தண்ணீர் விட்டு, மை உருட்டி அச்சடிப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தில் நிற்கும் தொழில். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தனிக் கல். முகத்தின் இளஞ்சிவப்புக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று. ஓவியர் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்துத்தான் நிழலை உண்டாக்கியிருப்பார். ஹான்லனின் கன்னத்தை லூப்பில் பார்த்தால் புள்ளிகள் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, சில இடங்களில் நெருங்கி, சில இடங்களில் விலகி நிற்கின்றன. தாடை வளைகிற இடத்தில் புள்ளிகளும் வரிசையாக வளைந்து போகின்றன. யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தவை. முதல் தடவை அதைப் பார்த்தபோது லூப்பிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

ஆனால் புள்ளி ஒழுங்காக இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1879லேயே பெஞ்சமின் டே என்பவர் ஒழுங்கான புள்ளிகளைக் கல்லில் பதிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அதைப் பயன்படுத்திய நிஜமான பழைய அச்சும் உண்டு. அதனால் நான் எப்போதும் எழுத்தைத்தான் கடைசிச் சாட்சியாகக் கேட்பேன். பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்லச்சில் எழுத்து ஒரே மையில், ஒரே கெட்டியாக, ஓரம் தெளிவாக இருக்கும். பழுப்பு எழுத்தென்றால் அந்த மையே பழுப்பு. நகல் எடுத்த அட்டையில் முழுப் படத்தையும் ஒன்றாகப் படமெடுத்திருப்பார்கள் அல்லவா? எழுத்தும் புள்ளிகளாக உடைந்துவிடும். ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும். பழுப்பு எழுத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் நீலமும் எட்டிப் பார்க்கும். எழுத்து உடைந்திருந்தால் மேலே பேச்சே வேண்டாம், அட்டையைக் கீழே வைத்துவிடலாம்.

நிறம் கொஞ்சம் கோட்டுக்கு வெளியே வழிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் மயிரிழை தள்ளிப்போனால் அப்படி ஆகும். எனக்கு அது பிடிக்கும்.

‘ஓல்ட் ஜட்ஜ்’ அட்டைகளுக்கு வேறு சோதனை. அவை அச்சே இல்லை. முட்டை வெள்ளை பூசிய தாளில் எடுத்த உண்மையான புகைப்படத்தை அட்டையில் ஒட்டியவை. எனவே லூப்பில் எந்தப் புள்ளியும் தெரியக் கூடாது, நிறம் பழுப்பில் பாலேடுபோல ஒழுகிப் போக வேண்டும். வீரர்களை ஸ்டூடியோவுக்குள் நிறுத்தி, பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பிடிக்கிற மாதிரி படமெடுத்திருப்பார்கள். சில அட்டைகளில் அந்த நூலே தெரியும். 

விளக்கு, அளவுகோல், பின்பக்கம்

லூப்போடு இன்னும் இரண்டு சாமான் போதும். ஒன்று, ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருப்பார்களே, அந்தப் புற ஊதா டார்ச். இருட்டறையில் அட்டைமேல் அடித்துப் பாருங்கள் (கண்ணில் அடிக்காதீர்கள்). இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாளை வெள்ளைவெளேரென்று காட்ட ஒளிரும் வேதிப்பொருள் சேர்ப்பது பரவியது. அப்படிப்பட்ட தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். பழைய தாள் மந்தமாகவே இருக்கும். ஒளிர்ந்தால் தாள் புதியது. ஒளிராவிட்டால் பழையது என்று நிரூபணம் ஆகிவிடாது, ஏனென்றால் அந்த வேதிப்பொருள் இல்லாத தாள் இன்றும் வருகிறது. 

இன்னொன்று, நல்ல அளவுகோல். அட்டையின் ஓரம் அசிங்கமாகத் தேய்ந்திருந்தால் விலை குறையும் என்பதால் சிலர் ஓரத்தை நறுக்கிவிடுவார்கள். அந்தக் காலத்திலேயே வெட்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், எனவே ஒரு மயிரிழை வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். நான்கு முனையும் மழுங்கியிருக்க, ஒரு பக்கத்து ஓரம் மட்டும் பிளேடு போட்ட மாதிரி கூர்மையாக, வெட்டு வாயில் புது வெள்ளை தெரிந்தால் அது சமீபத்து வெட்டு.

அப்புறம் பின்பக்கம். புதியவர்கள் முகப்பிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். ஆலன் அண்ட் ஜின்டரின் பெரும்பாலான தொடர்களில் பின்பக்கத்தில் முழுப் பட்டியல் இருக்கும். அதை அருங்காட்சியகப் படத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பசைக் கறையும், தாள் பிய்ந்த இடமும் இருந்தால் அது பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளை ஒட்டுப்புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்த அட்டை. பின்னாளில் யாரோ பிய்த்திருக்கிறார்கள். சந்தை இதைக் குறை என்கிறது. எனக்கு அது அந்த அட்டை வாழ்ந்த வீட்டின் அடையாளம், ஆனால் விலை பேசும்போது குறையாகவே பேசுங்கள். பழமையாகக் காட்டத் தேயிலைத் தண்ணீரில் முக்கிய அட்டைகளும் வரும். அவற்றில் பழுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். தானாகப் பழுத்த தாள் காற்றுப் பட்ட ஓரங்களில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுத்திருக்கும்.

மூன்று குழிகள்

முதல் குழியில் நானே விழுந்தேன். ஒரு பறவைப் படம், நிறம் நேற்று அச்சடித்தது போல, விலையும் குறைவு. உறையைப் பிரித்துக் கையில் எடுத்ததும் ஏதோ சரியில்லை என்று விரலுக்குத் தெரிந்தது. அட்டையின் கெட்டி இல்லை, தாளின் தொய்வு. பின்பக்கத்தில் பட்டியலும் இல்லை. அந்த நிறுவனங்கள் கூப்பன் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அழகான அச்சு ஆல்பங்களைத் தந்தன. அதே படங்கள் அந்த ஆல்பப் பக்கங்களிலும் அச்சாகியிருக்கும். யாரோ அதைக் கத்தரித்து அட்டை என்று விற்றிருக்கிறார்கள். அச்சு பழையதுதான், கல்லச்சுதான், லூப்பில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் பின்பக்கப் படம் இல்லாத விற்பனை விளம்பரத்தை நான் இப்போது திறப்பதுகூட இல்லை.

இரண்டாவது குழி பெயரில் இருக்கிறது. 2006 முதல் டாப்ஸ் நிறுவனம் ஆலன் அண்ட் ஜின்டர் என்ற பெயரிலேயே புது அட்டைகள் வெளியிட்டு வருகிறது. பழைய அட்டையின் சாயலில், ஏறக்குறைய அதே அளவில் குட்டி அட்டைகளும் உண்டு. இது ஏமாற்று இல்லை, டாப்ஸ் தன் பெயரை வெளிப்படையாகவே போடுகிறது. ஆனால் இணையத்தில் ஆலன் அண்ட் ஜின்டர் என்று தேடினால் முதலில் வந்து குவிவது இவைதான். தேடும்போது பர்டிக் எண்ணையும் 1887, 1888 என்று வருஷத்தையும் சேர்த்துத் தேடுங்கள். 

மூன்றாவது, ‘பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது’ என்ற கதை. கதைக்கு விலை கொடுக்காதீர்கள். எழுத்தையும் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் நேரம்

அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு முனை, சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம், அளவுகோலை வைத்து ஒரு படம். இவ்வளவையும் கேளுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் மடிப்பு சாய்ந்த வெளிச்சத்தில் கோடாக எழுந்து நிற்கும். நல்ல வியாபாரி இதற்கெல்லாம் சலித்துக்கொள்ள மாட்டார். போலியென்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து, தரம் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. பேஸ்பால் அட்டையும் விலையுயர்ந்த அட்டையும் வாங்குவதானால் கூட்டில் அடைத்ததையே வாங்குங்கள். கொடிக்கும் மீனுக்கும் அது தேவையில்லை, கூட்டின் செலவு அட்டையின் விலையைத் தாண்டிவிடும்.

நம் ஊர் வெயிலிலும் மழையிலும் வைத்திருப்பது

எக்காரணம் கொண்டும் லேமினேஷன் செய்யாதீர்கள். நம் வீடுகளில் முக்கியமான தாள் என்றாலே லேமினேஷன் கடைக்குப் போகிற பழக்கம் இருக்கிறது. சூடும் பசையும் ஏறிய அட்டை முடிந்துபோன அட்டை. செலோ டேப், கோந்து, பழைய போட்டோ ஆல்பத்தின் ஒட்டும் பக்கம், எல்லாம் அதே கதைதான். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைப் பெட்டிக்குள் நிற்க வையுங்கள்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரம்தான் பெரிய எதிரி. சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டிய அலமாரி கூடாது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். இராமபாணம் பசையைத் தேடித்தான் வரும், பின்பக்கத்தில் பழைய பசை ஒட்டிய அட்டை அதற்கு விருந்து. பாச்சை உருண்டையை அட்டைப் பெட்டிக்குள் போடாதீர்கள், அதன் ஆவி தாளுக்கும் ஆகாது, பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை. சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் அருங்காட்சியகப் படத்தை அச்செடுத்து மாட்டுங்கள். ‘ஓல்ட் ஜட்ஜ்’ புகைப்படங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும்.

பின்பக்கப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் இரண்டு வருஷம் அந்த வேலைக்குப் போகாதீர்கள். புகைப்பட அட்டைகளில் என்றைக்குமே செய்யாதீர்கள். கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். அட்டையில் பென்சிலால்கூட எதுவும் எழுதக் கூடாது, எல்லாம் நோட்டில்தான். பர்டிக் எண், அட்டையின் பெயர், வாங்கிய தேதி, கொடுத்த விலை, அளவு, குறைகள், லூப்பிலும் விளக்கிலும் பார்த்தது. பத்து அட்டை ஆனதும் புரட்டிப் பாருங்கள், முதலில் எழுதியதற்கும் கடைசியில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் உங்கள் கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரியும். என் நோட்டில் ஹான்லனுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘என்28. நெட் ஹான்லன், துடுப்புப் படகு. அளவு சரி. வலது கீழ் முனை மடிந்திருக்கிறது. பின்னால் இரண்டு இடத்தில் பசை, பட்டியலில் மூன்று பெயர் பிய்ந்துவிட்டது, பீச் பெயர் பிழைத்திருக்கிறது. எழுத்து கெட்டி. ஒளிரவில்லை. கன்னத்துப் புள்ளிகளை மறுபடி பார்க்க வேண்டும்.’